உடன் போகிறவருக்கு

மகளிர் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டே ஒரு பெண் தாமதிப்பாள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்திய பிறகும் போகமாட்டாள். கடற்கரைக் கிராமங்களில் வேலை செய்த எல்லோருக்கும் இந்தத் தாமதம் தெரியும். அவளுக்கோ, அவள் மகளுக்கோ, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ பாலியல் வன்முறை ஏதோ நடந்திருக்கிறது. அதை இறக்கி வைக்க ஓர் ஆள் தேடுகிறாள். அந்த ஆளாக நீங்கள் ஆகிவிட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று தீவுக்குள் போய்த் திரும்பி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களை நினைத்து எழுதுகிறேன். குழுத் தலைவிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பங்கிலும் ஜமாஅத்திலும் பெண்கள் காரியம் பார்ப்பவர்கள், ஊருக்குத் திரும்பி வந்த கல்லூரிப் பெண்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

நான் முதன்முதலாக ஒரு பெண்ணுடன் போனபோது எதுவும் தெரியாமல்தான் போனேன். நேராகக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். காலை பத்து மணிக்குப் போனவர்கள் மாலை நான்கு வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம், போக அவளுக்கு உரிமை இருந்தது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்த ஆறு மணி நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. நீங்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதே எனக்கு முக்கியம். எங்கே போவது, போகாமல் இருப்பது என்ற முடிவு அவளுடையது. எந்த வாசலை முதலில் தட்டினால் அவளுக்கு நல்லது என்று தெரிந்து வைத்திருப்பது நம்முடைய வேலை.

அவள் பேசும்போது

தனியான இடத்தில் உட்காருங்கள். கைப்பேசியை ஓரமாக வையுங்கள். "ஏன் அந்த நேரத்தில் அங்கே போனாய்?", "ஏன் கத்தவில்லை?", "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்ற மூன்று கேள்விகளும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. அச்சத்தில் உடம்பு விறைத்துப்போவதும் குரல் எழும்பாமல் போவதும் இயல்பு. "நீ சொல்வதை நான் நம்புகிறேன். இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்ல யாருமே இல்லாமல் வருடக்கணக்கில் வாழ்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

நடந்ததை முழுவதும் சொல்ல வைக்க வேண்டாம். மருத்துவரிடம் ஒரு முறை, காவல் அதிகாரியிடம் ஒரு முறை, நீதித்துறை நடுவரிடம் ஒரு முறை, பிறகு நீதிமன்றத்தில் ஒரு முறை என்று அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியவை இவ்வளவுதான்: எப்போது நடந்தது, காயமோ ரத்தப்போக்கோ இருக்கிறதா, இன்று இரவு அவள் வீட்டில் பாதுகாப்பாக இருக்க முடியுமா, அவளுக்கு வயது பதினெட்டு ஆகிவிட்டதா.

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. அவள் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்றால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று நீங்கள் சத்தியம் செய்யக்கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு நடந்த பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் மறைத்தவருக்கே தண்டனை உண்டு. குழந்தை பேசத் தொடங்கும்போதே, "உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். சத்தியம் செய்துவிட்டு மீறினால், அந்தக் குழந்தை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

பேசும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் வீட்டில் ஆண்கள் இருக்கமாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். குற்றம் செய்தவன் வீட்டுக்குள்ளேயே இருப்பவன் என்றால், அவள் உங்களுடன் தனியாகப் பேசக் கிடைக்கும் நேரம் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் மருத்துவமனை

நடந்து நான்கைந்து நாட்களுக்குள் என்றால் நேரம் மிக முக்கியம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. தொடங்கியபின் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட்டால் பலன் அதிகம், ஐந்து நாள் வரை கொடுக்கலாம். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் இந்த மாத்திரை எளிதில் கிடைப்பதில்லை. அதனால் கடை கடையாக அலையாமல் மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி, பால்வினை நோய்களுக்கான மருந்து ஆகியவற்றையும் அங்கேயே கேளுங்கள். உடம்பிலிருந்து தடயம் எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அது கடந்துவிட்டாலும் காயங்களைப் பதிவு செய்யலாம், சிகிச்சையும் பெறலாம். "நாள் ஆகிவிட்டது, இனிப் போய் என்ன" என்று நினைக்கவிடாதீர்கள்.

முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போவது தடயத்துக்கு நல்லது. ஆனால் நம் பெண்கள் முதலில் செய்வது குளிப்பதுதான். நைட்டியைத் துவைத்துக் கொடியிலும் போட்டிருப்பார்கள். அதற்காக அவளைக் குற்றவாளி போல் பார்க்க வேண்டாம். குளித்திருந்தாலும் பரிசோதனை நடக்கும். உடை மாற்றிவிட்டாள் என்றால் பழைய உடையைத் துவைக்காமல் தாளில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும். பாசி எடுக்கப் போகும் பெண்களின் துணி கடல் தண்ணீரில் நனைந்தே இருக்கும். அதை நிழலில் உலர்த்தி, பிறகு தாளில் சுற்றுங்கள். வெயிலில் போட வேண்டாம்.

எங்கே போவது? 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைதான் மாவட்டத்தின் பெரிய இடம். ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 55 கிலோமீட்டர். ரத்தப்போக்கோ மயக்கமோ இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே முதலுதவி பெறுங்கள். ஓட்டுநரிடம் "அவசர சிகிச்சை" என்று சொன்னால் போதும், கதை சொல்லத் தேவையில்லை. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு. மறுத்தால் ஓராண்டு வரை சிறை என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை, தாளை நீட்டினாலே பல இடங்களில் பேச்சு மாறிவிடும்.

"முதலில் எஃப்.ஐ.ஆர். கொண்டு வாருங்கள்" என்று சொல்லும் மருத்துவமனைகள் இன்றும் இருக்கின்றன. அது தவறு. சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் முதல் தகவல் அறிக்கை தேவையில்லை. மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் அனுப்பும். அது அவர்கள் கடமை. ஆனால் வயது வந்த பெண், "எனக்குச் சிகிச்சை மட்டும் போதும், தடயப் பரிசோதனை வேண்டாம்" என்றோ "இப்போது புகார் கொடுக்க விரும்பவில்லை" என்றோ சொல்லலாம். அதை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சை தருவார்கள். இந்த விவரத்தை உள்ளே போகும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள். போலீஸ் வந்து நிற்பதைப் பார்த்து அவள் திகைக்கக்கூடாது.

பரிசோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவளுடைய சம்மதம் வேண்டும். பாதியில் நிறுத்தச் சொல்லவும் உரிமை உண்டு. "இரு விரல் பரிசோதனை" என்ற கொடுமையை உச்ச நீதிமன்றம் 2013இலேயே கண்டித்தது. 2022 அக்டோபர் 31 அன்று, அதைச் செய்கிற எவரும் ஒழுங்கீனக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அவள் பழக்கவழக்கம் எப்படி, திருமணம் ஆனவளா என்பதெல்லாம் வன்முறை நடந்ததா இல்லையா என்பதற்குச் சாட்சியமே ஆகாது. பரிசோதனை முடிந்ததும் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது இலவசம்.

சகி மையம் என்ன செய்யும்

பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தை எல்லோரும் சகி மையம் என்றே சொல்கிறார்கள். மத்திய அரசு 2015 ஏப்ரலில் தொடங்கிய திட்டம் இது. ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் ஒன்று உண்டு. மாவட்ட சமூக நல அலுவலரின் பொறுப்பில் இயங்குகிறது. மனநல ஆலோசனை, வழக்கறிஞர் உதவி, மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் துணை, ஐந்து நாள் வரை தங்க இடம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரத்தில் பேசினாலும் அவர்களோடு இணைத்துவிடுவார்கள். அழைப்பு இலவசம். வீட்டுக்குத் திரும்பவே முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு ஐந்து நாள் போதாது. அதற்கு மேல் சக்தி சதன் என்ற நீண்ட காலத் தங்கும் இல்லங்கள் உண்டு. சகி மையத்தின் மூலமே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. யாருக்கும் எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில் சகி மையத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே இருக்கும் ஆலோசகரின் முகம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், இரவு பதினோரு மணிக்கு நீங்கள் அழைக்கும்போது குரலில் நடுக்கம் இருக்காது. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் இதே போல் போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம், ராமேஸ்வரம், கீழக்கரை, பரமக்குடி ஆகிய ஊர்களில் அவை இருக்கின்றன.

காவல் நிலையம்

எல்லோரும் அஞ்சும் இடம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், அவள் காவல் நிலையத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பதில்லை. பாலியல் வன்புணர்வு வழக்கில் அவளுடைய வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, முடிந்தவரை பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெற்றோர், நெருங்கிய உறவினர் அல்லது "அந்தப் பகுதியின் சமூக சேவகர்" உடன் இருக்கலாம் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கடைசிச் சொல் நம்மைத்தான் குறிக்கிறது. "நீங்கள் யார்? வெளியே நில்லுங்கள்" என்று உங்களிடம் சொல்லும்போது, அந்த அறையில் உட்கார உங்களுக்குச் சட்டம் இடம் வைத்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மெதுவான குரலில், "சார், 176ஆம் பிரிவுப்படி உடன் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆனால் உள்ளே போனதும் அவளுக்காக நீங்கள் பேசக்கூடாது. அவள் தடுமாறினால் தண்ணீர் கொடுங்கள். வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டாம். அது பிறகு குறுக்கு விசாரணையில் அவளுக்கு எதிராகத் திரும்பும்.

எல்லைப் பிரச்சினை நம் கரையில் அடிக்கடி வரும். சம்பவம் நடந்த இடம் பக்கத்து மாவட்டமா, தீவா, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லையா என்று சொல்லி அனுப்பிவிடப் பார்ப்பார்கள். எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதிவு செய்யலாம். அதற்கு ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று பெயர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. பதிவு செய்த பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை, நம் வேலை அல்ல.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கு இன்னொரு பயம் உண்டு. "நாங்கள் தீவுப் பக்கம் போனதே வனத்துறைக்குத் தெரிந்தால் பிடிப்பார்களே, எப்படிப் புகார் கொடுப்பது?" என்று கேட்பார்கள். குற்றம் செய்தவர்கள் இந்தப் பயத்தை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. தீவுப் பக்கம் போனது வேறு விஷயம். அதைக் காரணம் காட்டிப் பாலியல் குற்றப் புகாரை மறுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. அவளிடம் இதை இரண்டு மூன்று முறை சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் அந்தப் பயம் போகாது.

சி.எஸ்.ஆர். என்று சொல்லும் மனு ரசீதைக் கொடுத்து "விசாரித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பினால் எழுந்துவிடாதீர்கள். இத்தகைய குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு ஆண்டு வரையான சிறை உண்டு என்பது நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு. அதன் பிறகும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் அவளுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும். வாங்காமல் படியிறங்க வேண்டாம். கையெழுத்துப் போடும் முன் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் சொன்னதும் எழுதியதும் ஒன்றா என்று பாருங்கள். "தொட்டான்" என்று எழுதியிருந்து அவள் சொன்னது வேறாக இருந்தால் வழக்கே வேறாகிவிடும்.

பிறகு நடுவர் முன்னால் அவள் வாக்குமூலம் பதிவாகும். முடிந்தவரை பெண் நடுவரே பதிவு செய்ய வேண்டும். விசாரணையை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாளுக்குள் அவளுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

புகார் தாமதமானால் வழக்கு நிற்காது என்று அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். அவமானத்துக்கு அஞ்சி ஒரு பெண் தாமதிப்பது இயல்பே என்றும், அவள் சாட்சியம் நம்பத்தக்கதாக இருந்தால் அது ஒன்றே போதும் என்றும் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிலருக்குச் சில கூடுதல் விவரங்கள்

மண்டபம் முகாமில் உள்ள இலங்கைத் தமிழ்ப் பெண்கள், "நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லையே" என்று தயங்குவார்கள். ஹவுரா ரயில் நிலையத்தில் வன்முறைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணின் வழக்கில், வாழும் உரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கூறி, 10 லட்சம் ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. முகாம் பதிவு ரத்தாகிவிடும் என்று மிரட்டுகிறவனின் பேச்சுக்கு அடிபணிய வேண்டியதில்லை.

ஏர்வாடிப் பக்கம் மனநலம் பாதிக்கப்பட்ட பெண்களையும், மற்ற ஊர்களில் காது கேளாத, பேச இயலாத பெண்களையும் சந்திப்பீர்கள். அவர்களுடைய புகாரை அவர்கள் இருக்கும் இடத்திலேயே, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் துணையுடன், வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். "அவள் சொல்வது யாருக்குப் புரியும்" என்று தள்ளிவிட முடியாது.

கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் கணவர் வளைகுடா நாட்டில் இருப்பார். அவருக்குச் சொல்வதா, எப்போது, யார் சொல்வது என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். நல்லெண்ணத்தில்கூட நீங்கள் அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடாதீர்கள்.

மீன் பதப்படுத்தும் கூடத்திலோ, ஐஸ் கம்பெனியிலோ, இறால் பண்ணையிலோ தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

படம் எடுத்து மிரட்டுகிறான் என்றால் அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். பணமும் கொடுக்க வேண்டாம். அவன் அனுப்பிய செய்திகளை அப்படியே வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்க முடியும்.

செய்தவன் கணவன் என்றால்? பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியின் விஷயத்தில் நம் குற்றவியல் சட்டம் இதை இன்னும் வன்புணர்வாகக் கருதவில்லை. இது எனக்கு ஏற்க முடியாத அநீதி. ஆனால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் வன்முறையும் அடங்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை ஆகியவற்றைக் கேட்கலாம்.

குழந்தை என்றால்

குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசுங்கள். பையன்களுக்கும் போக்சோ உண்டு. படகில் உதவிக்குப் போகும் சிறுவர்களுக்கு நடப்பதை "பையன்தானே" என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை, நீங்கள் எடுங்கள். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாத அதிகாரி, குழந்தை இருக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் குழந்தையை வைத்திருக்கக் கூடாது. காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழு விசாரணையும் வழக்கும் முடியும் வரை ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். உணவு, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குச் சிறப்பு நிவாரணத்தையும் பரிந்துரைக்கலாம். இரண்டையும் நாமே நினைவுபடுத்திக் கேட்க வேண்டும்.

கர்ப்பம் என்று தெரிந்தால் நாளை எண்ணத் தொடங்குங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 24 வாரம் வரை கருவைக் கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாட வேண்டியிருக்கும். வீட்டார் வெட்கத்தில் ஒளித்து வைக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணின் வழியைச் சுருக்குகிறது.

ஊர் கூடும்போது

புகார் கொடுத்த இரண்டாம் நாளே யாராவது வருவார்கள். ஊர்ப் பெரியவர், உறவினர், சில நேரம் நாம் மதிக்கிற ஒருவர். "இரண்டு குடும்பமும் ஒரே கடலில் தொழில் செய்ய வேண்டும். பேசி முடித்துக்கொள்வோம். வேண்டுமானால் அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்" என்பார்கள். இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். இது வலை அறுந்த தகராறு அல்ல. பாலியல் வன்புணர்வு சமரசம் செய்யக்கூடிய குற்றமே அல்ல. திருமணம் செய்துகொள்கிறேன் என்பது தீர்வாகாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் தேதி, நேரம், வந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்க அந்த நோட்டு உதவும்.

குடும்பத்தைத் தொழிலிலிருந்து ஒதுக்கி வைப்பதாகச் சொன்னால் அதையும் எழுதி, மாவட்ட ஆட்சியரிடமும் காவல் கண்காணிப்பாளரிடமும் மனுவாகக் கொடுங்கள். ஆனால் ஊரில் எல்லோரும் எதிரிகள் அல்லர். ஒரு பங்குத் தந்தையோ, ஒரு ஆலிமோ, நாட்டாமை வீட்டு வயதான அம்மாவோ வெளிப்படையாக அந்தப் பெண்ணின் பக்கம் நின்றால் மற்றவர்கள் வாய் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவரை முன்கூட்டியே தேடிப் பிடியுங்கள்.

அவள் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் எங்கும் வெளியிடக்கூடாது. நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி இரண்டு ஆண்டு வரை சிறை. குழுவின் வாட்ஸ்அப்பில் "நம் ஊர்ப் பிள்ளைக்கு நீதி வேண்டும்" என்று படத்தைப் போடுகிறவர்களும் இதில் அடங்குவார்கள். நம் ஊர்களில் பெயர் சொல்லத் தேவையே இல்லை, தெருவையும் அப்பாவின் படகையும் சொன்னாலே போதும். அதனால் உங்கள் வீட்டிலும்கூடச் சொல்லாதீர்கள்.

வழக்கறிஞரும் இழப்பீடும்

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அரசு வழக்கறிஞர் வழக்கை நடத்துவார். அவருக்கு உதவியாக அவள் தரப்பிலும் ஒரு வழக்கறிஞர் இருக்கலாம்.

இழப்பீட்டைப் பற்றிப் பேசினாலே "பணத்துக்காகப் புகார் கொடுத்தாள்" என்பார்கள். அந்தப் பேச்சுக்குக் கூசாதீர்கள். வேலைக்குப் போக முடியாமல் போன நாட்களும் மருத்துவமனைக்கு அலைந்த பஸ் செலவும் அவள் தலையில் விழுந்தவை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுத் திட்டம் பாலியல் வன்புணர்வுக்கு 4 லட்சம் முதல் 7 லட்சம் ரூபாய் வரை வைத்திருக்கிறது. தீர்ப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, இடைக்கால இழப்பீடு கேட்கலாம். குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் கேட்கலாம். அவள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவள், குற்றம் செய்தவன் அப்படி இல்லாதவன் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளும் முதல் தகவல் அறிக்கையில் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குரிய நிவாரணம் தவணைகளாக வரும். முதல் தவணை தீர்ப்புக்கு வெகு முன்பே வர வேண்டியது.

அதற்குப் பிறகு வரும் மாதங்கள்

28 நாள் மாத்திரை குமட்டலைத் தரும். பலர் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். தினமும் ஒரு முறை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டாயா" என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ரத்தப் பரிசோதனை இருக்கும். தடுப்பூசியின் அடுத்த தவணைகளும் இருக்கும். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சட்டென்று சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கி இருக்கிறாள் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம். "செத்துவிடலாம் போல் இருக்கிறது" என்று சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், அன்று அவளைத் தனியே விடாதீர்கள்.

உங்களுக்கும் தூக்கம் கெடும். இருவர் இருவராகவே இந்த வேலையைச் செய்யுங்கள். பெயர் சொல்லாமல் மனம் விட்டுப் பேச உங்களுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

நீதிமன்றத்தில் இத்தகைய வழக்கு மூடிய அறையில்தான் நடக்கும். அவள் சாட்சி சொல்லும் நாளுக்கு முன், அரசு வழக்கறிஞரிடம் கேட்டு, அவள் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். வாய்தா தள்ளிப்போகும், திரும்பத் திரும்பத் தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாள். அதனால் முதல் நாள் மாலையே அவள் வீட்டுக்குப் போய், மறுநாள் எந்த பஸ், எத்தனை மணிக்கு, பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதையெல்லாம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பையில் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பொட்டலம், முதல் தகவல் அறிக்கையின் நகல், அந்த நோட்டு ஆகியவை இருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இருக்கையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள்.